கல்லீரல் சமைத்த மருந்து

மலாக்காவின் வரலாற்றை எழுதுவோர் துறைமுகத்தை எழுதுவர், கோட்டையை எழுதுவர், பரமேசுவரனையும் போர்த்துக்கீசியரையும் எழுதுவர். தோட்டப்புறத்தை எழுதுவோரும் இன்று உளர். நம் முன்னோர் எவ்வழி வந்தனர், என்ன கூலி பெற்றனர், எத்தகைய லயங்களில் வாழ்ந்தனர் என்பன ஓரளவேனும் ஏட்டில் ஏறியுள்ளன. அவர்கள் நாள்தோறும் விழுங்கிய மருந்துகள் அவர்தம் உடலுக்குள் சென்று என்னவாயின என்பதை வரலாறு எனக் கருதுவார் மிகச் சிலரே. அது வேதியியலார் பாடு என்று ஒதுக்கிவிடுகிறோம். ஆனால் அவ்வேதியியலில் ஒரு பகுதி மலாக்காவின் எல்லையோரத்திலேயே ஆராயப்பட்டது. ஆராயப்பட்ட உடல்களுள் நம்மவர் உடல்களும் இருந்தன.

பள்ளி நூல்களில் கல்லீரலைப் பற்றி மாணவர் படிக்கும் தொடர் ஒன்றுண்டு: 'கல்லீரல் நச்சை நீக்கும் உறுப்பு' என்பது அது. தேர்வுக்கு இவ்விடை போதும். உண்மைக்குப் போதுமா என்பதே இக்கட்டுரையின் வினா.

கதையைத் தோட்டங்களுக்கு முன்பிருந்தே தொடங்க வேண்டும். வெள்ளிக்கிழமை மாலையில் நம் இல்லங்களில் புகையும் சாம்பிராணியை எடுத்துக்கொள்வோம். மலாய்க்காரர் 'கெமெனியான்' என வழங்கும் பிசின் சுமத்திராக் காடுகளில் மரப்பட்டையைக் கீறி எடுக்கப்படுவது. மலாக்கா பெருந்துறையாக விளங்கிய பதினைந்து, பதினாறாம் நூற்றாண்டுகளில் அக்கரையிலிருந்து இக்கரைக்கு வந்து, இங்கிருந்து மேற்கே சென்ற சரக்குகளுள் அதுவும் ஒன்று. 1512 முதல் சில ஆண்டுகள் மலாக்காவில் தங்கியிருந்த போர்த்துக்கீசியர் தொமே பிரெஸ் தம் நூலில் அதனைக் குறிப்பிடுகிறார். அரபு வணிகர் அதற்கு இட்ட பெயர் 'லுபான் ஜாவி'. ஜாவாவின் குங்கிலியம் என்பது பொருள். சுமத்திராவையும் அவர்கள் ஜாவா என்றே வழங்கினர். அத்தொடர் ஐரோப்பியர் நாவில் சிதைந்து 'பென்சாயின்' ஆயிற்று. அப்பிசினைச் சூடேற்றிப் பெற்ற வெண்படிகம் பென்சோயிக் அமிலம். அவ்வமிலத்தைச் சுண்ணாம்புடன் சேர்த்து வாலைவடித்து மிட்செர்லிக் என்ற செருமானியர் 1830களில் பெற்ற நீர்மம் பென்சீன். அந்நீர்மத்தை பாரடே 1825இலேயே வேறு வழியில் பிரித்தெடுத்திருந்தார். எனினும் உலகில் நிலைத்த பெயர் சாம்பிராணி வழி வந்த பெயரே.

பென்சீனையும் அதன் சுற்றத்தையும் 'அரோமாட்டிக்' சேர்மங்கள் என்றனர். தமிழில் 'நறுமணச் சேர்மங்கள்' என்று நேரே பெயர்த்தோம். அவற்றுள் தொடக்கத்தில் அறியப்பட்டவை சில மணமுடையவையாக இருந்ததே இப்பெயர்க்குக் காரணம். பின்னர் மணமற்றவையும், மூக்கைப் பொத்தச் செய்பவையும் அக்குடும்பத்தில் சேர்ந்தன. இன்று அச்சொல் மணத்தைக் குறிப்பதன்று. ஆறு கரியணுக்கள் கைகோத்து நிற்கும் வளையத்தையும் அதனை ஒத்த பிற வளையங்களையுமே குறிக்கும். 1865இல் கெக்குலே இவ்வளைய வடிவை முன்மொழிந்தார். இக்கட்டுரையில் 'வளையச் சேர்மம்' என்றே எழுதுகிறேன். மணம் என்ற சொல் மாணவரை வீணே அலைக்கழிக்கும்.

வளையச் சேர்மம் ஒன்று மனித உடலுக்குள் சென்று வேறொன்றாக வெளிவருகிறது என்பது முதன்முதலில் தெளிவானதும் இச்சாம்பிராணி அமிலத்தைக் கொண்டே. 1841இல் இங்கிலாந்தில் அலெக்சாந்தர் யூர் இதனை எடுத்துரைத்தார். அடுத்த ஆண்டு ஓலரின் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த கெல்லர் என்பவர் பென்சோயிக் அமிலத்தைத் தாமே உட்கொண்டு, தம் சிறுநீரை ஆராய்ந்தார். உட்சென்ற பொருள் அங்கில்லை; அதற்கு ஈடாக ஹிப்பூரிக் அமிலம் இருந்தது. குதிரையின் சிறுநீரில் முன்னரே கண்டறியப்பட்டதால் அவ்வமிலத்திற்குக் குதிரையின் பெயர் வாய்த்தது. கிளைசின் என்ற சிறு மூலக்கூறு ஒன்றை உடல் அச்சாம்பிராணி அமிலத்தோடு பிணைத்து அனுப்பியிருந்தது. மனிதரில் இவ்வேலையைப் பெரும்பாலும் செய்வது கல்லீரல். ஆதலால் 1930களில் ஆர்மண்டு குவிக் என்ற அமெரிக்க மருத்துவர், நோயாளிக்கு சோடியம் பென்சோயேட் கொடுத்து, சில மணி நேரத்தில் எவ்வளவு ஹிப்பூரிக் அமிலம் வெளிவருகிறது என்று அளந்து கல்லீரலின் வலிமையைக் கணித்தார். அத்தேர்வு நெடுங்காலம் வழக்கில் இருந்தது.

உடல் ஏன் இவ்வாறு செய்கிறது? வளையம் எண்ணெய்த் தன்மையது. நீரோடு எளிதில் கலவாது. உயிரணுக்களின் கொழுப்புச் சவ்வுக்குள் எளிதாய் நுழையும். சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற முயன்றாலும் குழாய்ச் சுவரின் வழியே மீண்டும் குருதிக்குத் திரும்பிவிடும். அதனை வெளியேற்ற வேண்டுமாயின் நீரை விரும்பும் கைப்பிடி ஒன்றை அதற்குப் பொருத்த வேண்டும். கல்லீரல் நொதிகள் இதனைப் பெரும்பாலும் இரு படிகளில் செய்கின்றன. முதற்படியில் உயிர்வளியின் அணு ஒன்றைச் செருகி ஹைட்ராக்சில் தொகுதி ஒன்றை உண்டாக்குகின்றன. இரண்டாம் படியில் அக்கைப்பிடியில் சர்க்கரை வழி வந்த குளூக்குரானிக் அமிலத்தையோ சல்பேட்டையோ பிணைத்து விடுகின்றன. பென்சோயிக் அமிலத்திற்குக் கைப்பிடி முன்பே உண்டு. ஆகவே அதற்கு இரண்டாம் படி மட்டும் போதும். ரப்பர்த் தாள்களைப் புகையூட்டும் கூடத்தில் உழைத்தவர் மூச்சோடு உள்ளிழுத்த பீனால்களும் அவ்வாறே சல்பேட்டோடும் குளூக்குரானிக் அமிலத்தோடும் பிணைந்து அவர் உடலை விட்டு நீங்கியிருக்கும். புகைக்கூடத்துப் பீனால்தான் தாளில் பூஞ்சை பிடியாமல் காத்தது. அதே பீனால் தொழிலாளியின் கல்லீரலுக்கு நாள்தோறும் வேலை வைத்தது.

இதுவரை சொன்னவை 'நச்சு நீக்கம்' என்ற தொடருக்குப் பொருந்துவனவே. சிக்கல் காய்ச்சலோடு தொடங்குகிறது.

1896இல் தான் சாய் யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். மலாயாவில் வணிக நோக்கில் எழுந்த முதல் ரப்பர்த் தோட்டம் அதுவே. அடுத்துப் புக்கிட் அசஹானில் பெரும்பரப்பில் காடு அழிந்தது. பின் ஜாசின், அலோர்காஜா வட்டாரங்களெங்கும் பால்மரம் பரவிற்று. கங்காணிகள் தமிழகத்திலிருந்து ஆள் கொணர்ந்தனர். காடு நின்றபோது நிழலில் ஓடிய மலையருவிகள் காடு அழிந்தபின் வெயிலில் ஓடின. தெளிந்த நீரில், வெயில் படும் இடத்தில் முட்டையிடும் 'மாக்குலாட்டஸ்' என்ற அனோபிலிஸ் கொசுவுக்கு அது விருந்தாயிற்று. கிள்ளானில் 1901 முதல் கொசு ஒழிப்பை மேற்கொண்ட மால்கம் வாட்சன் இவ்வுண்மையைப் பின்னர் மலையோரத் தோட்டங்களில் கண்டு விளக்கினார். தாழ்நிலத்தில் காட்டை அழித்தால் காய்ச்சல் குறையும். மலைச்சரிவில் அழித்தால் பெருகும். ரப்பருக்கு ஏற்ற நிலம் சரிவு நிலமே. ஆகவே தோட்டமும் காய்ச்சலும் ஒன்றாகவே வளர்ந்தன.

கால்வாய் வெட்டவும் எண்ணெய் தெளிக்கவும் செலவு மிகுதி. கொயினா மலிவு. விடியலில் பெரட்டுக்கு வந்து நின்றோர்க்குக் கொயினாவைக் கையில் கொடுத்து, விழுங்கும்வரை பார்த்து நின்ற வழக்கம் பல தோட்டங்களில் இருந்தது. கசப்புக்கு அஞ்சி நாவின் கீழ் ஒதுக்கி வைத்து, வரிசை கலைந்ததும் துப்பியோர் உண்டு என்பது மூத்தோர் பலர் சொல்லும் செய்தி. அவர்களை அறியாமை உடையோர் என்று பழிப்பது எளிது. காதடைப்பும் தலைச்சுற்றலும் கொயினாவின் உண்மையான விளைவுகள். அவற்றோடு வெட்டுக்குப் போக வேண்டியவர் அவர்களே ஒழிய, பழிப்போர் அல்லர்.

கொயினாவும் வளையச் சேர்மமே. குவினோலின் என்ற இரட்டை வளையம் அதன் ஒரு பாதி. கல்லீரல் அதன் மறு பாதியில் ஹைட்ராக்சில் ஒன்றைச் செருகி அதன் வலிமையைக் குறைக்கிறது. அதனாற்றான் ஒருநாள் விழுங்கியது மறுநாளைக்குப் போதாது; நாள்தோறும் பெரட்டில் நின்று விழுங்க வேண்டியிருந்தது. கசப்பை நாள்தோறும் வருவித்தது மேலதிகாரியின் கொடுமை மட்டுமன்று. தொழிலாளியின் சொந்தக் கல்லீரலுமாம்.

இங்கே ஒரு கிளைக்கதை. சப்பானியப் போர் நடந்த ஆண்டுகளில் சிக்காகோப் பல்கலைக்கழகத்தில் பிரான்செசு கெல்சி என்ற பெண்மணி, முயலின் கல்லீரல் கொயினாவை எவ்வளவு விரைவாக மாற்றுகிறது என்று ஆராய்ந்தார். வளர்ந்த முயல் விரைந்து மாற்றிற்று. சூல்கொண்ட முயல் அவ்வளவு மாற்றவில்லை. கருவிலிருந்த குட்டியின் கல்லீரலோ மாற்றவே இல்லை. தாய்க்கு மருந்தாவது சேய்க்கு அவ்வாறாகாது என்ற இவ்வறிவோடுதான் அவர் 1960இல் அமெரிக்க அரசின் மருந்து ஆய்வலராகி, தாலிடோமைடு என்ற மருந்தைத் தம் நாட்டில் விற்க இசையாது தடுத்தார். அம்மருந்தால் பிற நாடுகளில் ஆயிரக்கணக்கான குழந்தைகள் உறுப்புக் குறையோடு பிறந்தன.

மீண்டும் மலாக்காவுக்கு வருவோம். உலகின் கொயினாவில் மிகப் பெரும்பகுதி சாவகத்தின் சிங்கோனாத் தோட்டங்களிலிருந்து வந்தது. 1942 மார்ச்சில் சாவகம் சப்பானியர் கைப்பட்டது. மலாக்காவையும் தம்பினையும் இணைத்த, 1905இல் திறக்கப்பட்ட இருப்புப்பாதையைச் சப்பானியர் பெயர்த்தெடுத்துச் சயாம் பர்மா பாதைக்குக் கொண்டு சென்றனர். தண்டவாளம் போன திசையிலேயே தோட்டத்துத் தமிழரும் கொண்டு செல்லப்பட்டனர். அங்கே அவர்களைக் கொன்ற நோய்களுள் முறைக்காய்ச்சலும் ஒன்று. அவர்க்கு உரிய அளவில் கொயினா கிட்டவில்லை.

மறுபுறம் நேச நாட்டுப் படைகள் அட்டெப்ரின் என்ற மஞ்சள் மாத்திரையை நம்பியிருந்தன. 1930களின் தொடக்கத்தில் செருமானியச் சாயத் தொழிலின் வழியே பிறந்த மூவளையச் சேர்மம் அது. அப்பத்தாண்டிலேயே மலாயாத் தோட்டங்களில் கொயினாவோடு அதனை ஒப்பிட்டு ஆய்வுகள் நடந்திருந்தன. உண்டவர் தோல் மஞ்சளாகும். அது குருதியில் தங்காமல் கல்லீரலில் போய்ப் பதுங்கிக் கிடக்கும். ஆகவே எவ்வளவு கொடுப்பது என்பதே புதிராக இருந்தது. நியூயார்க்கில் பெர்னார்டு பிராடி என்பவர் குருதியில் அதன் அளவைக் கணித்து அப்புதிரை அவிழ்க்க உதவினார். போர் முடிந்தபின் அவரும் சூலியசு ஆக்சல்ராடும் அக்கணிப்பு முறையைக் காய்ச்சல் மருந்தொன்றின் மேல் செலுத்தினர். 1886 முதல் வழக்கிலிருந்த அசெட்டனிலைடு அது. காய்ச்சலைத் தணிக்கும்; ஆனால் சிலர் உடலை நீலம் பாரிக்கச் செய்யும். 1948இல் அவர்கள் கண்டது இது: கல்லீரல் அம்மருந்தின் வளையத்தில், பக்கக்கிளைக்கு நேரெதிர் முனையில், ஹைட்ராக்சில் ஒன்றைச் செருகுகிறது. அவ்வாறு பிறந்த புதுப்பொருளே காய்ச்சலைத் தணிக்கிறது. நீலம் பாரிப்பதோ அசெட்டனிலைடு வேறு வழியில் அனிலினாக உடைவதால். அப்புதுப்பொருளின் பெயர் பாரசிட்டமால். நம் வீடுகளில் 'பனடோல்' என்று கேட்டு வாங்குவது அதனையே. கல்லீரல் நெடுங்காலமாகத் தன்னுள் செய்துவந்த மருந்தை மனிதர் கண்டறிந்து கடையில் வைத்தனர்.

அப்பனடோலே மறுபக்கத்தையும் காட்டும். உரிய அளவில் உண்டால் அதன் பெரும்பகுதி குளூக்குரானிக் அமிலத்தோடும் சல்பேட்டோடும் பிணைந்து வெளியேறும். சிறு பகுதியை மட்டும் கல்லீரல் மேலும் உயிர்வளியேற்றிக் கொடிய பொருளாக்குகிறது. குளூட்டத்தயோன் என்ற காவலன் அதனை உடனே அடக்கிவிடும். அளவுக்கு மீறி உண்டாலோ காவலன் தீர்ந்துபோகும்; கல்லீரல் தான் செய்த பொருளாலேயே அழியும். அந்துருண்டை நாப்தலீனும் அத்தகையதே. உடலில் அது நாப்தாலாக மாறியபின்தான், குறிப்பிட்ட நொதிக் குறைபாடுள்ள குழந்தைகளின் சிவப்பணுக்களை உடைக்கிறது.

இவற்றினும் கொடியது ஒன்று ரப்பரோடே தொடர்புடையது. மலாயாவிலிருந்து சென்ற ரப்பரைப் பிரிட்டனின் ஆலைகள் டயராக்கின. ரப்பர் விரைவில் மூப்படையாமலிருக்க அவை கலந்த பொருளொன்றில் இரண்டாம் நாப்தைலமின் என்ற வளைய அமின் மாசாகக் கலந்திருந்தது. 1949இல் அப்பொருளைக் கைவிட்டனர். ஆயினும் அதற்குள் ஆலைத் தொழிலாளர் பலரது சிறுநீர்ப்பையில் புற்றுநோய் வித்து விழுந்திருந்தது. அந்த அமினின் வெடியத்தில் கல்லீரல் ஹைட்ராக்சிலைச் செருகி, குளூக்குரானிக் அமிலத்தோடு பிணைத்து, முறைப்படியே வெளியேற்றுகிறது. சிறுநீர்ப்பையில் அமிலத்தன்மையால் பிணைப்பு அவிழ்கிறது. அவிழ்ந்த பொருள் பையின் சுவரணுக்களைத் தாக்குகிறது. இதனையும் 'நச்சு நீக்கம்' என்று சொல்ல முடியுமா? வேல்சு நாட்டறிஞர் ஆர். டி. வில்லியம்சு 1947இல் இத்துறையின் முதற்பெருநூலை வெளியிட்டபோது அதற்கு நச்சு நீக்க முறைகள் என்னும் பொருள்படவே பெயரிட்டார். மேற்சொன்ன ஈரிணைப் படிகளைத் தெளிவாக வகுத்தவரும் அவரே. பெயர் நிலைத்துவிட்டது. பொருளோ அப்பெயருக்குள் அடங்கவில்லை.

இனி, இக்கட்டுரையின் நடுப்பொருளுக்கு வருகிறேன். 1945இல் மான்செசுடரில் ஐ.சி.ஐ. நிறுவனத்தின் கர்டு, டேவி, ரோசு ஆகிய மூவரும் 'பாலுட்ரின்' என்ற புது மருந்தை அறிவித்தனர். புரோகுவானில் என்பது அதன் பொதுப்பெயர். கசப்பாலும் மஞ்சளாலும் வாடிய தோட்டத்தார்க்கு அது பெருவரமாகத் தோன்றியிருக்க வேண்டும்: தோலை நிறம் மாற்றாது, காதை அடைக்காது. போருக்குப் பின் மலாயாத் தோட்டங்களில் அது பரவிற்று. 1948இல் அவசரகாலம் பிறந்தபின் காட்டில் போரிட்ட படைவீரரும் அதனையே நாள்தோறும் உண்டனர்.

பாலுட்ரினின் ஒரு முனையில் வளையம். அவ்வளையத்தின் நேரெதிர் முனையில் குளோரின் அணு. கல்லீரல் வழக்கமாக ஹைட்ராக்சிலைச் செருகும் இடத்தைக் குளோரின் அடைத்து நிற்கிறது. மறுமுனையில் நீண்ட வெடியத் தொடர். அதன் நுனியில் மூன்று கரியணுக்களால் ஆன சிறு கிளை.

இம்மருந்தில் புதிரொன்று இருந்தது. இலண்டனில் பிராங்கு ஹாக்கிங் என்பவர் கண்ணாடிக் கலத்தில் வளர்த்த நோயுயிர்களின்மேல் பாலுட்ரினை விட்டுப் பார்த்தார், அவை சாகவில்லை. மருந்துண்ட விலங்கின் குருதிநீரை விட்டுப் பார்த்தார், செத்தன. கலத்தில் செயலற்றது உடலுக்குள் செயல்படுகிறதென்றால் உடல் அதனை வேறொன்றாக ஆக்கியிருக்க வேண்டும். ஆக்கியது கல்லீரலே என்பதை 1947, 1948ஆம் ஆண்டுகளில் வெளியான அவர் ஆய்வுகள் சுட்டின. 1951இல் கேரிங்டனும் ரோசு முதலிய அவர் கூட்டாளிகளும் அப்புதுப்பொருளைச் சிறுநீரிலிருந்து பிரித்தெடுத்து அதன் வடிவைக் காட்டினர். வளையத்தில் இடமின்றிப் போன கல்லீரல் நொதி மறுமுனையின் சிறு கிளையைத் தொட்டிருந்தது. தொடப்பட்ட கிளை தன் தொடரின்மேலேயே வளைந்து ஒட்டிப் புதிய வளையமொன்றை மூடியிருந்தது. அதற்குச் சைக்ளோகுவானில் என்று பெயரிட்டனர். நோயுயிர் தன் இனப்பெருக்கத்துக்கு வேண்டிய போலேட்டைப் பயன்படுத்த விடாமல் தடுப்பது இதுவே. பெரட்டுக் களத்தில் கொடுக்கப்பட்டது மருந்தின் மூலப்பொருள் மட்டுமே எனலாம். மருந்தைச் சமைத்தது விழுங்கியவரின் கல்லீரல்.

இதே ஆண்டுகளில்தான் தம்பின் முதன்மை பெறுகிறது. தம்பின் நெகிரி செம்பிலானைச் சேர்ந்தது. எல்லைக்கோட்டின் இப்புறத்திலுள்ள புலாவ் செபாங் மலாக்காவைச் சேர்ந்தது. இரண்டும் ஒரே ஊர்போல் ஒட்டிக் கிடப்பவை, சுற்றிலும் தோட்டங்கள். கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தின் பீல்டும் எடிசனும் அங்குக் காய்ச்சல் நோயாளர்க்குப் பாலுட்ரின் கொடுத்துப் பயனை அளந்தனர். முதலில் குறைந்த அளவே போதுமானதாக இருந்தது. இரண்டே ஆண்டுகளில் நிலை மாறிற்று. 1949, 1950ஆம் ஆண்டுகளில் அவர்கள் வெளியிட்ட கட்டுரைகள், கொடிய வகைக் காய்ச்சல் நோயுயிர் பாலுட்ரினுக்கு அடங்க மறுக்கிறது என்று உலகுக்கு அறிவித்தன. நான்கே ஆண்டுகளுக்கு முன் அறிவிக்கப்பட்ட மருந்து அது.

தோற்றது யார்? நோயுயிர் மாறிவிட்டது என்பதே விடை, அவ்விடை சரியானதே. மருந்து தாக்க வேண்டிய நொதியை நோயுயிர் சிறிது திருத்திக்கொண்டது என்பது பின்னர் மரபணு அளவிலும் தெளிவாயிற்று. ஆனால் அன்று கேட்கப்படாத வினா ஒன்றுண்டு: எல்லாருடைய கல்லீரலும் மருந்தை ஒரே அளவில் சமைத்ததா? அதனைக் கேட்கும் கருவி அன்று இல்லை. சமைக்கும் நொதியே இன்னதென்று தெரியாது. உயிர்வளியைச் செருகும் நொதிக் குடும்பத்தின் நிறமியை 1958இல்தான் கண்டனர். 1962இல் சப்பானியர் ஓமுராவும் சாத்தோவும் 'பி-450' என்று அதற்குப் பெயரிட்டனர். கரியோராக்சைடு சேர்ந்தவழி 450 நானோமீட்டர் அலையுடைய ஒளியை அது உட்கவர்வதே பெயர்க் காரணம். குருதியின் செந்நிறத்துக்குக் காரணமான ஹீம் இரும்பு இதன் நடுவிலும் உள்ளது. உயிர்வளி மூலக்கூறு ஒன்றைப் பிளந்து ஓர் அணுவை மருந்துக்கும் மற்றோர் அணுவை நீராக்கவும் தருவது இதன் தொழில். பாலுட்ரினைச் சமைப்பதில் முதன்மையானது இக்குடும்பத்தின் 2சி19 என்ற உறுப்பினர் என்பதும், சிலர்க்குப் பிறவியிலேயே அது செயலற்றிருக்கும் என்பதும் 1990களில் தெளிந்த செய்திகள். ஐரோப்பியருள் அத்தகையோர் நூற்றுக்குச் சிலரே. கீழை ஆசியரிடையே பெருந்தொகையினர். புதுச்சேரியில் தமிழரிடையே நடந்த ஆய்வுகளில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கும் மேற்பட்டோர் அத்தகையோராய்க் காணப்பட்டனர்.

இரண்டு ஆண்டில் ஓர் ஊராரின் கல்லீரல்கள் மாறிவிடா. ஆகவே தம்பினில் ஏறிக்கொண்டே சென்ற தோல்விக்குக் கல்லீரல் காரணமாகாது. எனினும் எந்த ஆண்டிலும் அவ்வரிசையில் நின்ற தமிழருள்ளும் சீனருள்ளும் மாத்திரையை முறையாக விழுங்கியும் மருந்தைக் குறைவாகவே பெற்றோர் இருந்திருப்பர் என்பது உறுதி. அவர் காய்ச்சல் மீண்டபோது, மாத்திரையைத் துப்பிவிட்டார் என்ற பழி அவர்மேல் விழுந்திருக்கக்கூடும். இதனை இன்று மெய்ப்பிக்க வழியில்லை. எண்ணிப் பார்க்க வழியுண்டு.

இத்தகைய வேறுபாட்டைத் தமிழகம் வேறொரு நோயில் முன்னரே அளந்து கண்டது. 1956இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் மருத்துவ ஆய்வு மையம், ஐசோனியாசிடு என்ற மருந்தைக் கல்லீரல் எவ்வளவு விரைவில் அசெட்டைல் ஏற்றிச் செயலிழக்கச் செய்கிறது என்று ஆராய்ந்தது. அதுவும் வளையமுடைய மருந்தே. தென்னிந்தியருள் ஏறத்தாழ ஐவரில் மூவர் மெல்ல மாற்றுவோர். ஏனையோர் விரைந்து மாற்றுவோர். கிழமைக்கு ஒருமுறை மட்டும் மருந்து கொடுத்தபோது விரைந்து மாற்றுவோரிடம் பயன் குறைந்தது. இங்கே நோயுயிர் மாறவில்லை, மருந்தும் மாறவில்லை. உண்டவரின் கல்லீரலே வேறுபட்டது. தம்பினில் கேட்க முடியாத வினாவைச் சென்னை கேட்டது என்று சொல்வது மிகையாகாது.

பாலுட்ரின் கதையில் ஒரு திருப்பம் எஞ்சியுள்ளது. பசிபிக் மாக்கடலில் வனுவாத்துத் தீவுகளில் அம்மருந்தைச் சமைக்கும் நொதி பெரும்பான்மையோர்க்குச் செயலற்றது. அங்கு 1990களில் சோதித்தபோது சமைக்க இயலாதவரும் பாலுட்ரினால் குணமடைந்தனர். மூலப்பொருளுக்கும் தனியே ஓர் ஆற்றல் இருந்திருக்கிறது. இன்று அட்டோவாகுவோன் என்ற மருந்தோடு அது சேர்த்துக் கொடுக்கப்படுகிறது. அச்சேர்க்கையில் துணைநிற்பது கல்லீரல் சமைத்த பொருளைவிட, மாற்றமுறாத பாலுட்ரினே. அறிவியலில் ஓர் உண்மையைக் கண்டு, அதனையே முழு உண்மை என்று கொள்வோர்க்கு வனுவாத்து ஒரு தடை.

ஆசிரியர்களுக்கு ஒரு சொல். 'நச்சு நீக்கம்' என்ற தொடரை அடியோடு விலக்க வேண்டுமென நான் வாதிடவில்லை. பென்சோயிக் அமிலத்துக்கும் பீனாலுக்கும் அது பொருந்தும். பொதுப்பெயராக 'உயிர்வழி உருமாற்றம்' என்பதை வழங்கினால், மருந்தைச் செய்வதும் நஞ்சைச் செய்வதும் நஞ்சை நீக்குவதும் அதனுள் அடங்கும். கல்லீரலுக்கு மருந்து இது, நஞ்சு இது என்ற அறிவு கிடையாது. எண்ணெய்த் தன்மையுடைய பொருளைக் கண்டால் உயிர்வளியைச் செருகுகிறது, அவ்வளவே.

மலேசியாவில் மனிதரிடையே பரவும் மலேரியா வகைகள் 2018 முதல் உள்நாட்டில் தோன்றவில்லை. குரங்கிலிருந்து தாவும் நோலெசி வகையே எஞ்சியுள்ளது. மலாக்காவின் பல பால்மரத் தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்பு நிலமாகவும் மாறிவிட்டன. பாலுட்ரினின் பெயரைக் கேட்ட இளைஞர் அரியர். ஆனால் அம்மருந்தைச் சமைத்த அதே 2சி19 நொதிக்கு வேறு வேலை வந்து சேர்ந்துள்ளது. மாரடைப்புற்றோர்க்கும் இதயக் குழாயில் வலைக்குழல் வைக்கப்பெற்றோர்க்கும் கொடுக்கப்படும் குளோப்பிடோகிரெல் என்ற மருந்தும் விழுங்கும்போது செயலற்றது. கல்லீரல் சமைத்த பின்னரே குருதி உறைவதைத் தடுக்கிறது. நொதி செயலற்றவரிடம் அதன் பயன் குறையலாம் என்று அமெரிக்க மருந்து ஆணையம் 2010இல் எச்சரிக்கை விடுத்தது. மலேசிய இந்தியரிடையே இதயநோய் மிகுதி என்பதை எல்லாரும் அறிவோம். அன்று பெரட்டுக் களத்தில் யாரும் கேட்கவில்லை. இன்று குருதித் துளியொன்றைக் கொண்டு கேட்க முடியும், இம்மாத்திரையை இவருடைய கல்லீரல் சமைக்குமா என்று.